உபுண்டுவில் ஃபோல்டர் திறக்க மறுத்தால் எங்கே பார்ப்பது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடித்துக்கொண்டது. காரைக்குடியில் எங்கள் போட்டோ ஸ்டுடியோவில் இருப்பது இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5 கணினி. விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்கி வர மறுக்கிறது. ஆல்பம் வேலைக்கு இன்னும் நன்றாகவே ஓடுகிற மிஷினைக் காயலான் கடையில் போடுவானேன் என்று, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகையைச் சேர்ந்த உபுண்டு 24.04 போட்டுக்கொண்டோம். மெனு எங்கே, பிரிண்டர் எப்படிச் சேர்ப்பது என்பதெல்லாம் தானாகப் பழகிவிடும். விண்டோஸிலிருந்து வருகிறவர்கள் முட்டிக்கொள்ளும் இடம் வேறு. நம் கணினி, நம் டிஸ்க், நாமே எடுத்த கல்யாணப் படங்கள். ஆனால் ஃபோல்டரைத் திறந்தால் ‘பெர்மிஷன் டினைட்’.

விண்டோஸில் இப்படித் தடுத்தால் கூடவே ‘கன்டினியூ’ என்று ஒரு பட்டன் வரும். அழுத்தினால் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். அந்த ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் உங்கள் பெயரை நிரந்தரமாகச் சேர்த்துவிட்டுத்தான் அது உள்ளே விடுகிறது என்பதை யாரும் கவனிப்பதில்லை. உபுண்டுவில் அந்தப் பட்டன் கிடையாது. யாரையாவது கேட்டால் ‘777 போடுங்க சார், எல்லாம் சரியாயிடும்’ என்பார்கள். எல்லாருக்கும் எல்லா உரிமையும் தரும் எண் அது. போடாதீர்கள், ஏன் என்று பின்னால் வருகிறேன். தடுப்பது எது என்று தெரியாமல் எதையும் மாற்றக் கூடாது என்பது என் கட்சி. வருவது ஒரே செய்திதான் என்றாலும் அதற்குப் பின்னால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து காரணங்கள் இருக்கலாம். ஒன்றுக்குச் செய்வது இன்னொன்றுக்குப் பலிக்காது.

கட்டளைகளை உச்சரிப்பாகவே எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலைத் திறக்க கன்ட்ரோல், ஆல்ட், டி (டெர்மினலின் முதல் எழுத்து) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

நான் யார், இது யாருடையது

முதலில் டெர்மினலில் ‘ஐடி’ என்று தட்டி என்டர் கொடுங்கள். உங்கள் பயனர் பெயர், அதற்குரிய எண், நீங்கள் இருக்கும் குழுக்கள் எல்லாம் ஒரே வரியில் வரும். உபுண்டுவை நிறுவும்போது உருவாக்கும் முதல் பயனருக்கு எண் 1000, அடுத்தவருக்கு 1001. டிஸ்க்கில் பதிவாவது இந்த எண்தான். பெயர் நம் வசதிக்காகக் காட்டப்படுவது. பின்னால் இது முக்கியமாகும்.

அடுத்து, தகராறு செய்கிற ஃபோல்டரின் விவரம்:

எல்எஸ் -எல்டி /எம்என்டி/படங்கள்

எல், எஸ் என்று இரண்டு எழுத்து, இடைவெளி, கோடு, எல், டி (ஏபிசிடியின் டி), மறுபடி இடைவெளி, பிறகு ஃபோல்டரின் முழுப் பாதை. எம்என்டி என்பதில் கடைசி எழுத்து மட்டும் டெர்மினலின் டி. பாதையைத் தட்டச் சோம்பலாக இருந்தால் ஃபைல்ஸ் ஜன்னலிலிருந்து அந்த ஃபோல்டரை டெர்மினலுக்குள் இழுத்துப் போட்டாலே போதும். ஃபோல்டர் பெயர் தமிழில் இருந்தாலும் உபுண்டு முகம் சுளிக்காது.

வருகிற வரியின் தொடக்கத்தில் பத்து இடங்கள் இருக்கும். முதல் இடத்தில் டி இருந்தால் அது ஃபோல்டர், வெறும் கோடு என்றால் ஃபைல். மீதி ஒன்பதை மூன்று மூன்றாகப் பிரித்துப் படியுங்கள். முதல் மூன்று உரிமையாளருக்கு, நடு மூன்று குழுவுக்கு, கடைசி மூன்று மற்ற எல்லாருக்கும். எழுத்து இருந்தால் அந்த உரிமை உண்டு, கோடு இருந்தால் இல்லை. அதற்குப் பின் ஓர் எண், அடுத்து உரிமையாளர் பெயரும் குழுவின் பெயரும் வரும். அங்கே ‘ரூட் ரூட்’ என்று இருந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி: ஃபோல்டர் உங்களுடையது இல்லை, நிர்வாகியுடையது.

கணினி இந்த மூன்று தொகுதிகளையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நீங்கள் உரிமையாளர் என்றால் முதல் தொகுதியை மட்டும் பார்க்கும். அதில் எழுதும் உரிமை இல்லாவிட்டால், குழுவுக்கு அந்த உரிமை இருந்தாலும் உங்களுக்குக் கிடையாது.

மவுஸிலேயே பார்க்க வேண்டுமா? ஃபோல்டரின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், பெர்மிஷன்ஸ். நீங்கள் உரிமையாளர் இல்லை என்றால் மாற்ற முடியாது என்று அங்கேயே சொல்லிவிடும்.

ஃபோல்டருக்கு எக்ஸ் என்றால் என்ன

எல்லாரும் குழம்புவது இங்கேதான். ஃபைலுக்கு ஆர் என்றால் படிக்கலாம், டபிள்யூ என்றால் திருத்தலாம், எக்ஸ் என்றால் மென்பொருளாக இயக்கலாம். ஃபோல்டருக்கு அதே எழுத்துகளின் வேலை வேறு. ஆர் இருந்தால் உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பட்டியல் பார்க்கலாம், அவ்வளவுதான். எக்ஸ் இருந்தால்தான் உள்ளே நுழையவோ, உள்ளே இருப்பதைத் தொடவோ முடியும். ஆர் மட்டும் இருந்து எக்ஸ் இல்லாத ஃபோல்டரில் ஃபைல் பெயர்கள் தெரியும், ஒன்றையும் திறக்க முடியாது. எக்ஸ் மட்டும் இருந்தால் பட்டியல் வராது, ஆனால் பெயர் சரியாகத் தெரிந்த ஃபைலைத் திறந்துவிடலாம்.

ஃபோல்டரின் டபிள்யூ இன்னும் பெரிய விஷயம். உள்ளே புது ஃபைல் வைப்பது, பெயர் மாற்றுவது, அழிப்பது எல்லாம் அதன் கையில்தான், எக்ஸ் கூட இருந்தால். ஒரு ஃபைலை அழிக்க அந்த ஃபைலின் அனுமதி தேவையே இல்லை. அது இருக்கும் ஃபோல்டரின் அனுமதி போதும். ‘படிக்க மட்டும்’ என்று பூட்டி வைத்த முகூர்த்தப் படத்தை, அந்த ஃபோல்டரில் எழுதும் உரிமை உள்ள யாரும் அழித்துவிடலாம். விண்டோஸில் ‘ரீட் ஒன்லி’ டிக் போட்டு நிம்மதியாக இருந்தவர்கள் இதைக் கொஞ்சம் கவனத்தில் வையுங்கள்.

இன்னொன்று, கடைசி ஃபோல்டருக்கு மட்டும் எக்ஸ் இருந்தால் போதாது. போகிற வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்கும் வேண்டும். எங்கள் ஊர்ச் செட்டிநாட்டு வீடு மாதிரி: முகப்பைத் தாண்டி, வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டித்தான் அடுப்படி. நடுவில் ஒரு கதவு சாத்தியிருந்தால் அடுப்படிக் கதவு திறந்திருந்து என்ன பயன்? எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்று காட்ட ஒரு அருமையான கட்டளை இருக்கிறது, பலருக்குத் தெரியாது:

நேம்ஐ -எல் /ஹோம்/ஸ்டுடியோ/படங்கள்

என், ஏ, எம், ஈ, ஐ என்று ஐந்து எழுத்து. பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரையும் வரிசையாக, உரிமையாளர் பெயரோடும் அனுமதியோடும் காட்டும். மேலிருந்து கீழே படித்து, உங்களுக்கு எக்ஸ் இல்லாத முதல் வரியைப் பிடியுங்கள். திருத்த வேண்டியது அங்கேதான்.

உபுண்டுவில் இது அடிக்கடி நடப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 21.04 பதிப்பிலிருந்து புதுப் பயனரின் ஹோம் ஃபோல்டர் (அவருடைய சொந்த ஃபைல்கள் இருக்கும் இடம்) 750 என்ற அனுமதியோடு உருவாகிறது. அதற்கு முன் 755. எண் ஒன்றும் மந்திரம் இல்லை: படிக்க 4, எழுத 2, எக்ஸுக்கு 1, கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். 750 என்றால் உரிமையாளருக்கு எல்லாம், குழுவுக்குப் படிக்கவும் நுழையவும், மற்றவர்களுக்குப் பூஜ்ஜியம். ஆக, உங்கள் ஹோமுக்குள் இருக்கும் படங்கள் ஃபோல்டரை எவ்வளவு திறந்து வைத்தாலும், அதே கணினியில் வேறு பெயரில் நுழைந்தவர் வாசலிலேயே நிற்பார். நல்ல ஏற்பாடுதான். ஹோமைத் திறந்துவிடாதீர்கள், பொதுவானதைப் பொது இடத்தில் வையுங்கள்.

விண்டோஸ் காலத்து டிஸ்க்

எங்கள் கணினியில் இரண்டாவதாக ஒரு 2 டிபி டிஸ்க். படங்கள் எல்லாம் அதில்தான், விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ் முறையில். உபுண்டு அதைத் திறக்கும், படங்களைக் காட்டும், ஆனால் எதையும் சேமிக்க விடாமல் ‘ரீட் ஒன்லி’ என்று அடம் பிடிக்கலாம். இது அனுமதிப் பிரச்சினை மாதிரியே தெரியும். உண்மையில் இல்லை.

விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு வசதி உண்டு. அது இருந்தால் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாது. பாதி உறக்கத்தில் இருக்கும், டிஸ்க்கையும் விட்டுக்கொடுக்காது. அந்த நிலையில் உபுண்டு எழுதினால் ஃபைல்கள் கெட்டுப்போகும் என்பதால் படிக்க மட்டும் திறக்கிறது. அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையை எப்படிப் போட்டாலும் அசையாது. விண்டோஸுக்குள் போய் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், ‘பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும்’ என்ற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு, ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ‘ஷட் டவுன்’ அழுத்தினால் அந்த ஒரு முறை முழுதாக மூடும். விண்டோஸை அழிக்கப் போகிறீர்கள் என்றால் அழிப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

டிஸ்க் சரியாகத் திறந்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கும். ஃபைல்ஸ் ஜன்னலில் கிளிக் செய்து திறக்கிற டிஸ்க், ‘/மீடியா’வுக்குள் உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரின் கீழே வந்து உட்காரும். அந்த இடம் உங்களுக்கு மட்டும். மாலையில் ஆல்பம் போட வரும் தம்பி தன் பெயரில் நுழைந்தால் அங்கே போகவே முடியாது. எல்லாருக்கும் பொதுவாக வேண்டுமென்றால் டிஸ்க்கை நிலையான ஓர் இடத்தில் பொருத்த வேண்டும்.

இதற்கு ஃபைலைத் திறந்து கையால் வரி எழுத வேண்டியதில்லை. ‘டிஸ்க்ஸ்’ என்ற மென்பொருள் உபுண்டுவிலேயே இருக்கிறது. அதில் டிஸ்க்கைத் தேர்ந்து, பற்சக்கரப் படத்தை அழுத்தி, ‘எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸ்’ போங்கள். ‘யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்’ஸை அணைத்துவிட்டு, மவுன்ட் பாயின்ட்டாக /எம்என்டி/படங்கள் என்று கொடுங்கள். ஆப்ஷன்ஸ் வரியில் ‘நோஃபெயில்’ இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் ஒருநாள் அந்த டிஸ்க்கைக் கழற்றி வைத்தால், கணினி அதைத் தேடிக்கொண்டு ஆன் ஆகாமலே நின்றுவிடக்கூடும்.

என்டிஎஃப்எஸ்ஸிலேயே தொடர்வதானால் அதே ஆப்ஷன்ஸ் வரியில், இடைவெளி விடாமல் காற்புள்ளியால் பிரித்து, யூஐடி=1000 (உரிமையாளரின் எண்), ஜிஐடி= என்று போட்டு அடுத்த பகுதியில் அமைக்கும் குழுவின் எண், யூமாஸ்க்=007 (மற்றவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை) ஆகியவற்றை, அடைப்புக்குறியில் இருப்பதை விட்டுவிட்டு, சேருங்கள். உபுண்டு பொதுவாக என்டிஎஃப்எஸ்ஸைத் திறக்கும் முறையில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் தனி அனுமதி கிடையாது. டிஸ்க் முழுதுக்கும் ஒரே அனுமதி, அதுவும் பொருத்தும்போது முடிவாவது. பென் டிரைவ், மெமரி கார்டில் வரும் எஃப்ஏடி32, எக்ஸ்எஃப்ஏடி இரண்டுக்கும் இதே கதைதான்.

விண்டோஸுக்குத் திரும்பும் எண்ணம் இல்லை என்றால், படங்களை வேறு டிஸ்க்கில் பத்திரப்படுத்திவிட்டு, இதை லினக்ஸின் சொந்த டிஸ்க் வடிவமான இஎக்ஸ்டி4 முறைக்கு மாற்றிவிடுவதே நல்லது. நாங்கள் அதைத்தான் செய்தோம். மாற்றியவுடன் புது டிஸ்க் ரூட்டுக்குச் சொந்தமாக வரலாம், அப்போது உங்களால் ஒரு ஃபைல்கூட வைக்க முடியாது. பயப்பட வேண்டாம், அது பழுது இல்லை.

வேறு லினக்ஸ் கணினியிலிருந்து கழற்றிய இஎக்ஸ்டி4 டிஸ்க்கில் எண் விளையாட்டு தெரியும். அங்கே 1001-ஆக இருந்தவர் வைத்த ஃபைல்கள், இங்கே 1001 யாரோ அவருக்குச் சொந்தமாகிவிடும். இங்கே 1001 இல்லையென்றால் உரிமையாளர் இடத்தில் பெயருக்குப் பதில் வெறும் எண் நிற்கும்.

இரண்டு பேருக்கும் பொதுவான ஃபோல்டர்

இருவருக்கும் ஒரே பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். வேண்டாம். யார் எதை அழித்தார் என்று தெரியாமல் போகும். குழு அமைப்பது ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை.

குழுவுக்கு ‘கல்யாணம்’ என்று பெயர் வைக்கலாம். இந்தப் பெயர் மட்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில்தான் இருக்க வேண்டும். கட்டளைக்கு முன்னால் வரும் சூடோ (எஸ், யூ, டி, ஓ) அதை நிர்வாகியின் உரிமையோடு ஓட்டச் சொல்வது.

சூடோ குரூப்ஆட் கல்யாணம்
சூடோ யூசர்மாட் -ஏஜி கல்யாணம் தம்பி

முதல் கட்டளை ஜி, ஆர், ஓ, யூ, பி, ஏ, டி, டி. இரண்டாவது யூ, எஸ், ஈ, ஆர், எம், ஓ, டி. அதில் கோட்டுக்குப் பின் வரும் ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்தச் சின்ன ஏ-யை விட்டுவிடாதீர்கள். விட்டால் அந்தப் பயனர் மற்ற கூடுதல் குழுக்களிலிருந்தெல்லாம் நீக்கப்பட்டுவிடுவார். உங்கள் பெயருக்கு அப்படி ஆனால் சூடோ உரிமையே போய்விடும். கட்டளையின் கடைசியில் இருப்பது பயனர் பெயர். உங்கள் பெயருக்கும் ஒரு முறை போடுங்கள்.

அப்புறம் இருவரும் லாக்அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும். எல்லாம் சரியாகச் செய்தும் ‘இன்னும் திறக்கவில்லையே’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பலர் இதைச் செய்யாதவர்கள். ‘ஐடி’ கட்டளையில் புதுக் குழு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். இனி வருபவை இஎக்ஸ்டி4-க்கு மாற்றிய டிஸ்க்குக்கு.

சூடோ சிஎச்ஓன் ரூட்:கல்யாணம் /எம்என்டி/படங்கள்
சூடோ சிஎச்மாட் 2770 /எம்என்டி/படங்கள்

சிஎச்ஓன் என்பது சி, எச், ஓ, டபிள்யூ, என். சிஎச்மாட் என்பது சி, எச், எம், ஓ, டி. முதலாவது யாருடையது என்பதை மாற்றும், இரண்டாவது என்ன அனுமதி என்பதை மாற்றும். 770 என்றால் உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு உரிமை, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. முன்னால் இருக்கும் 2-தான் இதில் முக்கியம். அது இருந்தால், யார் உள்ளே புது ஃபைல் வைத்தாலும் அது கல்யாணம் குழுவுக்கே சொந்தமாகும். இல்லாவிட்டால் தம்பி உருவாக்கும் ஃபைல் தம்பியின் சொந்தக் குழுவுக்குப் போய், காலையில் வந்து திறந்தால் உங்களுக்கு மறுபடி பழைய பல்லவி.

அந்த 2 புதிதாக உருவாகும் ஃபைலுக்குத்தான் வேலை செய்யும். அதே டிஸ்க்கில் வேறு இடத்திலிருந்து ‘மூவ்’ செய்த ஃபைல் தன் பழைய குழுவோடும் பழைய அனுமதியோடும் அப்படியே வரும். ‘காப்பி’ செய்தால் புதிதாக உருவாவதால் குழு சரியாகிவிடும். ஆனால் மெமரி கார்டிலிருந்து காப்பி செய்த படங்களில் குழுவுக்குப் படிக்கும் உரிமை மட்டும் இருக்கலாம்: தம்பி திறந்து பார்க்கலாம், அதன் மேலேயே திருத்திச் சேமிக்க முடியாது. கேமராவிலிருந்து வந்த மூலப் படத்தை யாரும் மேலெழுதாமல் இருப்பது எனக்கு வசதிதான், அப்படியே விட்டுவைத்தேன். திருத்த வேண்டும் என்பவர்கள் இதைத் தட்டலாம்:

சூடோ சிஎச்மாட் -ஆர் ஜி+ஆர்டபிள்யூஎக்ஸ் /எம்என்டி/படங்கள்

இதில் கோட்டுக்குப் பின் வரும் ஆர் பெரிய எழுத்து. கடைசி எக்ஸும் பெரிய எழுத்து. பெரிய எக்ஸ் ஃபோல்டர்களுக்கு மட்டும் நுழையும் உரிமை தரும். சாதாரணப் படங்களை இயக்கக்கூடிய மென்பொருளாக்கிவிடாது. சின்ன எக்ஸ் போட்டால் ஒவ்வொரு படமும் அப்படி ஆகும்.

அனுமதி சரி, ஆனால் படம் திருத்தும் ஜிம்ப் மட்டும் திறக்கவில்லை

ஃபைல்ஸ் ஜன்னலில் திறக்கிற ஃபோல்டர் ஒரே ஒரு மென்பொருளில் மட்டும் தெரியவில்லை என்றால், ஃபோல்டரை விட்டுவிட்டு மென்பொருளைப் பாருங்கள். உபுண்டுவின் ஆப் சென்டரில் வரும் பல மென்பொருட்கள் ‘ஸ்னாப்’ வடிவில் இருப்பவை. பெரும்பாலானவற்றை வேலிக்குள் வைத்துத்தான் ஓட்டுகிறது. உங்கள் ஹோமுக்குள் சாதாரண ஃபோல்டர்களைத் தொடலாம்; புள்ளியில் தொடங்கும் மறைவான ஃபோல்டர்களைத் தொட முடியாது. ‘/மீடியா’, ‘/எம்என்டி’ இரண்டையும் தொட ‘ரிமூவபிள் மீடியா’ என்ற தனி இணைப்பு வேண்டும். செட்டிங்ஸ், ஆப்ஸ் பக்கத்தில் அந்த மென்பொருளைத் தேர்ந்தால் அதற்கான சுவிட்ச் இருக்கும். டிஸ்க்கை ‘/எம்என்டி’க்குள் வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான், வேறு இடத்தில் வைத்தால் இந்தச் சுவிட்ச்சும் உதவாது.

777-உம் சூடோவும்

777 என்றால் அந்தக் கணினியில் உள்ள எந்தப் பயனரும், எந்த மென்பொருளும் எழுதலாம், அழிக்கலாம். படங்கள் ஃபோல்டரில் போட்டால் நஷ்டம் படங்களோடு போகும். ஹோம் முழுதுக்கும் போட்டால், வேறு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய எஸ்எஸ்எச் சாவி வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சாவி வேலை செய்யாது. சாவி ஃபைலை மற்றவர்கள் படிக்க முடிந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்க மறுக்கும். கணினி முழுதுக்கும் போட்டவர்கள் திருத்திக்கொண்டிருப்பதைவிட உபுண்டுவை மறுபடி நிறுவுவதே சுருக்கமான வழி.

சூடோ போட்டு ஃபைல்ஸ் ஜன்னலையோ ஜிம்பையோ திறப்பதும் வேண்டாம். அப்படித் திறந்தால் உங்கள் ஹோமுக்குள்ளேயே ரூட்டுக்குச் சொந்தமான ஃபைல்கள் முளைக்கும். நாளைக்கு அதே மென்பொருள் தன் அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் முனகும். ரூட்டின் ஃபைல் ஒன்றை நிஜமாகவே தொட வேண்டுமென்றால், ஃபைல்ஸ் ஜன்னலில் கன்ட்ரோலும் எல்லும் சேர்த்து அழுத்தி, மேலே வரும் பெட்டியில் ‘அட்மின்:’ என்று தட்டி, அதன் பின் இரண்டு சாய்கோடு, அதற்குப் பின் வழக்கம்போல் சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதை என்று கொடுங்கள். பாஸ்வேர்டு கேட்டுவிட்டுத் திறக்கும்.

ஹோமுக்குள் ரூட்டின் ஃபைல்கள் ஏற்கெனவே வந்துவிட்டனவா என்று இப்படிப் பார்க்கலாம்:

ஃபைண்ட் ~ -யூசர் ரூட்

பட்டியல் வந்தால், அந்த ஃபைல்களை மட்டும் சிஎச்ஓன் போட்டு உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஹோமுக்கு வெளியே உள்ள ரூட்டின் ஃபைல்கள் ரூட்டுடையதாகவே இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் ‘லாஸ்ட்+ஃபவுண்ட்’ என்று பூட்டுப் படம் போட்ட ஃபோல்டர் ஒன்று தெரியும். அது இஎக்ஸ்டி4 டிஸ்க் பழுதானால் மீட்ட துண்டுகளைப் போட்டு வைக்கும் இடம். அதைத் திறக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம்.

பத்திரிகை அடிக்கிறவர்கள் பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களைக் கொண்டுவந்து ‘/யூஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரில் ஒட்டப் பார்த்து, அனுமதி இல்லை என்று கேட்பார்கள். அது ரூட்டின் இடம், சூடோவே தேவையில்லை. உங்கள் ஹோமில் கன்ட்ரோலும் எச்சும் அழுத்தி மறைவான ஃபோல்டர்களை வரவழையுங்கள். ‘.லோக்கல்’, அதற்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘ஃபான்ட்ஸ்’. கடைசியது இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கலாம். எழுத்துருக்களை அங்கே போட்டுவிட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் பட்டியலில் வந்துவிடும். தம்பிக்கும் வேண்டுமென்றால் அவர் ஹோமிலும் ஒரு பிரதி போட வேண்டும்.